யாருடைய கழுகு? ஒரு ஜெர்மானியப் பதக்கத்தின் வரலாறு

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. ஆனால் ஜெர்மனியின் கிழக்கெல்லையில் துப்பாக்கிகள் ஓயவில்லை. கலைக்கப்பட்ட பேரரசுப் படையின் வீரர்களும், போருக்குச் செல்லும் வயதை எட்டாதிருந்த மாணவர்களும் ஃப்ரைகோர் எனப்பட்ட தன்னார்வப் படைகளில் சேர்ந்தனர். அப்படைகள் பலவும் தத்தமக்கெனப் பதக்கங்களை உருவாக்கிக்கொண்டன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது சிலேசியக் கழுகு.

பிரெஸ்லாவ் நகரில் தலைமையகம் கொண்டிருந்த ஆறாம் படைப்பிரிவின் தளபதி ஃப்ரீடெபர்க் 1919 ஜூனில் இதனை நிறுவினார். மூன்று மாதப் பணிக்கு இரண்டாம் வகுப்பும், ஆறு மாதப் பணிக்கு முதல் வகுப்பும் வழங்கப்பட்டன. முன்னது நாடாவில் தொங்கும். பின்னது மார்பில் குத்திக்கொள்ளப்படும். சிறகு விரித்த கழுகு, அதன் மார்பில் பிறையும் சிலுவையும், கீழே 'சிலேசியாவுக்காக' என்னும் பொருள்தரும் ஜெர்மன் வாசகம்: இதுவே அதன் வடிவம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வைமர் அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு, அரசு விருதுகளையும் பதக்கங்களையும் வழங்கலாகாது என்றது. பிறப்பாலும் பட்டத்தாலும் வந்த உயர்வுதாழ்வை ஒழிப்பதே அப்பிரிவின் நோக்கம். குடியரசு பதக்கம் தர மறுத்த காலத்தில், தன்னார்வப் படையினர் பதக்கம் அணிந்து நடந்தனர். வீரத்தை அளவிடும் உரிமை அரசின் கையிலிருந்து நழுவியிருந்ததற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

1921 மார்ச் 20 அன்று மேல் சிலேசியாவில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் ஜெர்மனியையும், நாற்பது விழுக்காட்டினர் போலந்தையும் தேர்ந்தனர். மே மாதம் போலந்து ஆதரவாளரின் மூன்றாம் எழுச்சி வெடித்தது. அன்னாபெர்க் குன்றில் கடும்போர் நிகழ்ந்தது. இறுதியில் அந்நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

போலந்துக்கு எதிராகப் போரிட்டோர் மார்பில் அணிந்த அந்தக் கழுகு, ஜெர்மானியப் பேரரசின் கழுகன்று. பொன்னிறப் புலத்தில் கருங்கழுகும் வெள்ளிப் பிறையும் கொண்ட அவ்விலச்சினை, இடைக்காலத்தில் சிலேசியாவை ஆண்ட பியாஸ்ட் கோமரபினருடையது. போலந்து அரசை நிறுவிய மரபும் அதுவே.

1945க்குப் பின் பிரெஸ்லாவ் வ்ரோத்ஸ்வாஃப் ஆயிற்று. இன்று கீழ் சிலேசியா போலந்தின் மாகாணம். அதன் கொடியிலும் இலச்சினையிலும் வீற்றிருப்பது அதே கருங்கழுகு.