பழைய கழக வீட்டின் குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"பாத்ரூமை இந்த வருஷமாவது மாத்திடலாம்மா."

"இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு. தண்ணி வருது, போகுது. வேற என்ன வேணும்?"

குவீன்ஸ்டவுன் போன்ற முதிர்ந்த பேட்டைகளில் பெற்றோருடனோ தாத்தா பாட்டியுடனோ வசிக்கும் இளையர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமானதுதான். பழுப்பேறிய ஓடுகள், காற்றே வராத மூலை, ஈரம் காயாத தரை, வாளி வைக்கக்கூட இடமில்லாத குறுகல்.

மாற்றலாம். ஆனால் ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவசரப்பட்டால் உங்கள் வீட்டுத் தரை மட்டுமல்ல, கீழ்வீட்டுக் கூரையும் பாதிக்கப்படலாம்.

பழைய வீடுகளில் குளியலறை ஏன் அப்படி இருக்கிறது?

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணைநகரம். 1950களில் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அதன் பணிகளைத் தொடங்கியது. இரண்டாம் எலிசபெத் அரசியார் 1953ஆம் ஆண்டு முடிசூடியதை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பணியைத் தொடர்ந்தது. கழகம் முதன்முதலில் கட்டி முடித்த புளோக்குகள் ஸ்டெர்லிங் ரோட்டில் உள்ள 45, 48, 49. அதே ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவை இன்றும் நிற்கின்றன.

அந்தக் காலத்து வீடுகளில் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை கிடையாது. பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால் கழிவறை ஒரு சிறு அறை, குளிக்குமிடம் இன்னொரு சிறு அறை. 'மாஸ்டர் பாத்ரூம்' என்ற வசதி பிறகு கட்டப்பட்ட வீடுகளில்தான் பரவலானது. எனவே பழைய வீட்டில் "லேஅவுட்டை மாத்தணும்" என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது, நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்குவது.

சுவரை இடிக்கலாமா?

அது எந்தச் சுவர் என்பதைப் பொறுத்தது.

கட்டடத்தின் எடையைத் தாங்கும் சுவர், தூண், உத்தரம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. இடிப்பது மட்டுமல்ல, ஷாம்பூ வைக்க ஒரு மாடம் குடைவதும் கூடாது. எடை தாங்காத தடுப்புச் சுவர் என்றால் வீவகவின் அனுமதி பெற்று அகற்றலாம்.

தட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வீட்டின் தரைப்படத்தை வீவகவிடமிருந்து வாங்கிப் பாருங்கள். குளியலறையின் தரை, சுவர் ஓடுகளை உடைத்து எடுக்கும் வேலைக்கும் அனுமதி தேவை. வீவகவின் பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் அந்த வேலையைச் செய்யலாம். அனுமதிக்கு விண்ணப்பிப்பவரும் அவரே.

டாய்லெட் பௌலை நகர்த்த முடியுமா?

"அதை அந்தப் பக்கம் வச்சா இடம் கிடைக்குமே?" சொல்வது சுலபம்.

கழிவுநீர் உங்கள் வீட்டிலிருந்து நேராகக் கீழே போவதில்லை. தரைக்கு அடியில் சற்றுச் சரிவாகச் சென்று, எல்லா மாடிகளுக்கும் பொதுவான செங்குத்துக் குழாயில் சேர்கிறது. பௌலை அந்தக் குழாயிலிருந்து தள்ளி வைத்தால் சரிவு கிடைக்கத் தரையை உயர்த்த வேண்டிவரும். ஆனால் சிமெண்டுப் பூச்சையும் ஓட்டையும் சேர்த்துத் தரையின் மொத்தத் தடிமன் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வீவக விதி. கட்டடத்தின் மீது தேவையற்ற எடை ஏறக் கூடாதல்லவா?

அதனால் பௌலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

இடத்தைக் கூட்ட வேறு வழிகள்:

- உள்ளே திறக்கும் கதவுக்குப் பதில் மடக்குக் கதவோ நகரும் கதவோ பொருத்தலாம். கதவு சுழலும் இடம் முழுவதும் உங்களுக்கே.
- காலுள்ள கைகழுவும் தொட்டிக்குப் பதில் சுவரில் தொங்கும் சிறிய தொட்டி. அடியில் வாளி நிற்கும்.
- கண்ணாடியையும் அலமாரியையும் ஒன்றாக்கலாம்.
- குளிக்கும் பகுதியை ஒரு தடுப்பால் பிரித்தால் மற்ற பகுதி காய்ந்தே இருக்கும். கண்ணாடித் தடுப்பு என்றால் உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடியைப் பற்றிக் கேளுங்கள்.
- சுவருக்குப் பெரிய ஓடு, தரைக்குச் சிறிய ஓடு. பெரிய ஓட்டில் இணைப்புக் கோடுகள் குறைவு, தேய்த்துக் கழுவுவது சுலபம். சிறிய ஓட்டில் வடிகாலை நோக்கிச் சரிவு அமைப்பது எளிது, காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும்.

உடைக்கவா, மேலேயே ஒட்டவா?

பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓட்டை ஒட்டுவதை 'ஓவர்லே' என்பார்கள். தூசி குறைவு, சத்தம் குறைவு, செலவும் பொதுவாகக் குறைவு.

ஆனால் ஓட்டுக்கு அடியில்தான் நீர்த்தடுப்புப் படலம் இருக்கிறது. அது ஏற்கெனவே சேதமடைந்து கசிவு தொடங்கியிருந்தால், மேலே அழகான ஓட்டை ஒட்டுவது புண்ணை மூடித் துணி போட்ட கதைதான். தரை உயர்ந்துவிடுவதால் கதவு தட்டலாம், தண்ணீர் வெளியே வழியலாம். 50 மில்லிமீட்டர் வரம்பு இங்கும் உண்டு.

உடைத்துச் செய்தால், புதிய நீர்த்தடுப்புப் படலம் பூசிய பிறகு தரையில் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 24 மணி நேரம் விடுவார்கள். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

டாசன் வட்டாரத்தில் இருப்பதுபோன்ற புதிய பிடிஓ வீடு வாங்குவோருக்கு ஒரு குறிப்பு: புளோக் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குக் குளியலறையின் தரை, சுவர் ஓடுகளை உடைத்து மாற்ற அனுமதி இல்லை. காரணம் அதே நீர்த்தடுப்புப் படலம்தான்.

கீழ்வீட்டில் கசிந்தால் யார் பொறுப்பு?

ஒருநாள் மாலை கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்ல சொட்டுது" என்று கைத்தொலைபேசியில் படம் காட்டினால் என்ன செய்வீர்கள்?

கூரைக் கசிவைக் கண்டறிந்து சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருக்கும் உண்டு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் வேலை நடந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மேல்வீட்டார் 25 விழுக்காடு, கீழ்வீட்டார் 25 விழுக்காடு கொடுக்க வேண்டும். கதவைத் தட்டும் அண்டைவீட்டாரிடம் சண்டை போடுவதைவிட அந்த வழி மலிவு.

எந்த நேரத்தில் வேலை செய்யலாம்?

- பொதுவான புதுப்பிப்பு வேலைகள்: காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது.
- இடிப்பது, ஓடு உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற இரைச்சலான வேலைகள்: வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே. சனிக்கிழமையும் கூடாது. தீபாவளி போன்ற முக்கியப் பண்டிகைகளுக்கு முந்தைய நாளிலும் கூடாது.
- பழைய புளோக் என்றால் அனுமதி கிடைத்ததிலிருந்து 1 மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும். புதிய புளோக்குகளுக்கு 3 மாதம்.

"தீபாவளிக்குள்ள முடிச்சிடலாம்" என்று திட்டமிடுவோர் நாள்களைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

தாத்தா பாட்டிக்கு என்ன?

புதுப்பிப்பில் உண்மையிலேயே உயிர்காக்கும் பகுதி இதுதான். ஈரத் தரையில் ஒரு வழுக்கல் போதும், முதியவரின் நடமாட்டமே நின்றுபோகலாம்.

2012 முதல் நடப்பில் இருக்கும் 'ஈஸ்' திட்டத்தில் குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கச் செய்யும் பூச்சு, கைப்பிடிகள், சாய்வுப் பாதை போன்ற வசதிகள் கிடைக்கின்றன. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அது விரிவாக்கப்பட்டது. வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ உள்ள சிங்கப்பூர்க் குடிமகன் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படும் 60 முதல் 64 வயது வரையிலானோருக்கும் அது பொருந்தும். அரசாங்க மானியம் 95 விழுக்காடு வரை.

"எனக்கு இன்னும் அவ்வளவு வயசாகல" என்று பாட்டி கைப்பிடியை மறுக்கலாம். புதுப்பிக்கும்போதே மற்ற பொருத்துகளோடு சேர்த்து அதே நிறத்தில் பொருத்திவிட்டால் அது மருத்துவமனைச் சாதனம் போலத் தோன்றாது. நீங்களும் பிடித்துக்கொள்ளலாம்!

பணத்தை எங்கே மிச்சப்படுத்தலாம்?

முதலில் பார்க்க வேண்டியது இல்ல மேம்பாட்டுத் திட்டம். 2007இல் அறிமுகமான அந்தத் திட்டம் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு இருந்தது. 2018இல் அது 1997 வரை கட்டப்பட்டவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு புளோக்கில் தகுதிபெறும் குடிமக்களின் குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால் மேம்பாடு நடக்கும். கழிவறை மேம்பாடு அதில் ஒரு விருப்பத் தெரிவு. குடிமக்கள் வீட்டு வகையைப் பொறுத்து அதன் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு வரை மட்டுமே செலுத்துவர். உங்கள் புளோக்கின் முறை விரைவில் வரப்போகிறது என்றால் காத்திருப்பது லாபம்.

அடுத்து, க்ளைமேட் வவுச்சர். 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் கூடுதலாக 100 வெள்ளி. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் டாய்லெட் பௌல், ஷவர், குழாய் ஆகியவற்றையும் அதில் வாங்கலாம். முத்திரையில் எத்தனை டிக் இருக்கிறது என்று பாருங்கள்.

மத்திய சேம நிதியைப் புதுப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது.

பொருள்களை நேரில் பார்க்க வேண்டுமா? லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரத்தில் குழாய், ஓடு, தொட்டி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குளியலறையின் அளவை எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடையில் சிறியதாகத் தெரியும் தொட்டி வீட்டுக்கு வந்ததும் பெரிதாகிவிடும்.

குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது

- குறைந்தது மூவரிடம் விலை கேளுங்கள். "மொத்தமா இவ்வளவு" என்பதை ஏற்க வேண்டாம். இடிப்பு, குப்பை அகற்றல், நீர்த்தடுப்பு, ஓடு, குழாய் வேலை என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.
- குழாய் வேலைக்கு உரிமம்பெற்ற குழாய்ப் பணியாளர், வாட்டர் ஹீட்டர் போன்ற மின்வேலைக்கு உரிமம்பெற்ற மின்பணியாளர் தேவை.
- முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியப் பணம் செலுத்தும்படி ஒப்பந்தம் இருக்கட்டும்.
- தகராறு முற்றினால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால், ஓட்டை உடைக்கும் நாளில் எல்லாரும் எங்கே குளிப்பீர்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள். அத்தை வீடா, பக்கத்து வீடா என்று அன்று காலையில் யோசித்தால், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அம்மா தொடங்கிவிடுவார்.