முகம் காட்டாத படம்

திருத்தணி மலையின் 365 படிகளில், 1990இல் என் தமையனார் திருமணத்தன்று எடுத்த வீடியோவை அண்மையில் கண்டேன். வி.எச்.எஸ். நாடா, படத்தின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடுகளையே பிரித்துக் காட்டவல்லது. அருகில் நின்ற மணமக்கள் தெரிந்தனர். பின்னே சென்ற அடியார்களோ வெறும் வண்ணத் திட்டுகள். அக்குறையே அவர்களுக்குக் காவல்!

இன்றைய கைப்பேசியோ, மொட்டையடித்து நிற்கும் அயலாரின் முகத்தையும் கேளாமலே துல்லியமாகக் கவர்ந்து உலகெங்கும் அனுப்பிவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென உச்சநீதிமன்றம் 24-8-2017இல் தீர்ப்பளித்தது. தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது.

நேயர்களே, அந்நாடாவைக் கணிப்பொறியால் தெளிவாக்கித் தருவதாகத் தம்பி மகன் சொன்னான். மங்கிய இடத்தில் அக்கருவி தானே ஒரு முகத்தைக் கற்பித்து வரையுமாம். மறுத்துவிட்டேன்.