குனிஞ்சு தரையைத் தொட முடியுமா?

முழங்காலை மடக்காம குனிஞ்சு, விரல் நுனியால தரையைத் தொட முடியுமா மக்களே? பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மில் பலருக்குக் கை முட்டியைத் தாண்டி இறங்காது. இந்தச் சின்ன சோதனை ஒரு காலத்தில் அமெரிக்க அதிபரையே கவலைப்பட வைத்தது.

ஹான்ஸ் க்ராஸ் ஒரு டாக்டர், மலையேறியும்கூட. 1905-ல் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் வியன்னாவிலிருந்து நியூயார்க் போனார். முதுகுவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பில் கோளாறில்லை; தசைதான் பலமிழந்து இறுகிக் கிடக்கிறது என்பது அவர் கட்சி.

இதைச் சோதிக்க சோனியா வெபர் என்ற டாக்டரோடு சேர்ந்து ஆறு பயிற்சிகளை வகுத்தார். ஐந்து, வயிறு, இடுப்பு, முதுகின் பலத்துக்கு. ஆறாவதுதான் மேலே சொன்ன குனியும் வேலை. ஒன்றில் கோட்டைவிட்டாலும் ஃபெயில்! பிள்ளைகளிடம் சோதித்த முடிவு 1954-ல் வெளியானது. அமெரிக்காவில் 57.9 சதவீதம் பேர் ஃபெயில். இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் வெறும் 8.7. அதிகம் பேர் தோற்றது குனிவதில்தான். க்ராஸ் பிள்ளைகளைச் சோம்பேறின்னு திட்டல. காரும், ஸ்கூல் பஸ்ஸும், லிஃப்டும்தான் காரணம் என்றார்.

ஓட்டத்தையும் மூச்சையும் சோதிக்காமல் இது என்ன தேர்வு என்று எதிர்ப்பும் வந்தது. நியாயம்தான். ஆனாலும் 1955-ல் ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கேட்டார். 1956-ல் இளைஞர் உடல்தகுதிக்கென ஒரு கவுன்சில் பிறந்தது.

அடுத்து வந்த கென்னடி, 'நாம மெத்தனமா ஆயிட்டோம்' என்கிற ரீதியில் 1960 டிசம்பரில் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். ஆனால் அவருக்கே தீராத முதுகுவலி! ஏற்கெனவே முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர். மரத்துப்போகும் ஊசியில்தான் காலம் தள்ளினார். 1961 அக்டோபரில் க்ராஸ் வந்து பார்த்தபோது வயிற்றுத் தசையில் பலமில்லை, கால் தசைகள் விறைத்துக் கிடந்தன. வாரம் மூன்று நாள் பயிற்சி. கத்தி இல்லை, மந்திரம் இல்லை. தளர்த்து, மெல்ல நீட்டு, பிறகு பலப்படுத்து. சில மாதங்களில் நல்ல முன்னேற்றம்.

பள்ளிப் பிள்ளைக்கும் அதிபருக்கும் க்ராஸ் சொன்ன வைத்தியம் ஏறக்குறைய ஒண்ணுதான். நாற்காலி ஆள் தராதரம் பாக்காது போல :-)

வலி இருந்தா டாக்டரைப் பாருங்க. இல்லேன்னா, எழுந்து ஒருமுறை மெதுவா குனிஞ்சு பாத்துட்டு வாங்களேன்.