கையா சாரியாஹோ: கணினியும் செல்லோவும்

கணினி வந்துவிட்டால் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குப் பதில் வேண்டுமா? பின்லாந்தின் கையா சாரியாஹோ என்ற இசையமைப்பாளரின் கதையைப் பாருங்கள்.

1952ல் ஹெல்சிங்கியில் பிறந்த இவர், அங்குள்ள சிபெலியஸ் அகாடமியில் இசையமைப்பு படித்தார். பிறகு ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் மேற்படிப்பு. அன்றைய நவீன இசையில் கணக்கும் விதியும்தான் ராஜா. சாரியாஹோவின் மனமோ ஒலியின் நிறத்தைத் தேடியது. 1982ல் பாரிஸில் உள்ள இர்காம் என்ற இசை ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

அதே ஆண்டு கணினியில் உருவாக்கிய படைப்பு 'வெண்மையை நோக்கி'. மூன்று சுரங்கள் கொண்ட ஒரு அடுக்கு, வேறு மூன்று சுரங்களாக மாறுகிறது. அவ்வளவுதான்! ஆனால் அதற்கு ஆகும் நேரம் சுமார் 15 நிமிடம். சுரம் நகர்வதே காதுக்குத் தெரியாது. நாதத்தின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி கணினியே போதும் என்று அவர் நினைத்தாரா? இல்லை, வாத்தியங்களிடமே திரும்பினார். செல்லோவின் தந்தியில் வில்லை மெல்ல இழுத்தால் தெளிவான நாதம்; அழுத்தி இழுத்தால் கரகரப்பு. இந்த மாற்றத்தைக் கணினியில் அலசி, அதில் கிடைத்த சுரங்களை ஒன்பது கலைஞர்களுக்கு எழுதித் தந்தார். அதுதான் 1986ல் வந்த 'லிக்ட்போகன்'. வடதுருவ வானில் தோன்றும் ஒளியிலிருந்து வந்த பெயர் அது. மேடையில் மைக் வழியே போகும் வாத்திய ஒலிக்கு எதிரொலி சேர்ப்பதுதான் மின்னணுக் கருவிகளின் முக்கிய வேலை.

1992ல் வந்த 'நோவாநோவா'வில் புல்லாங்குழல் கலைஞர் ஊதிக்கொண்டே குழலுக்குள் பேசவும் செய்கிறார். கணினி ஒலிகள் எப்போது வர வேண்டும் என்பதைக் காலடியில் உள்ள பெடலை அழுத்தி அவரே முடிவு செய்கிறார். எஜமானன் யார் என்பதில் சந்தேகமே இல்லை!

2000ல் சால்ஸ்பர்க் விழாவில் அரங்கேறிய இவரது முதல் ஓபரா 'தூரத்துக் காதல்'. இதிலும் ஆர்க்கெஸ்ட்ராவும் மின்னணு ஒலியும் கைகோத்தன. 2016ல் இது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு வந்தது. அந்த மேடையில் ஒரு பெண் எழுதிய ஓபரா அதற்கு முன் நடந்தது 1903ல்! இடையே 113 ஆண்டுகள். ஒரு செல்லோவுக்குள் புதிய ஒலி இருப்பதை ஏற்றுக்கொண்ட இசையுலகம், ஒரு பெண்ணை ஏற்க அதைவிட அதிக காலம் எடுத்துக்கொண்டது.

2023 ஜூன் 2 அன்று பாரிஸில் சாரியாஹோ காலமானார். கணினி அவருக்குத் தந்தது புது வாத்தியம் மட்டுமல்ல. பழைய வாத்தியத்தைக் கேட்கப் புதுக் காதும்தான்.