நோட்டில் உள்ள முகமும் நோட்டில் இல்லாத முகமும்



தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டு நோட்டை நீட்டுகிறோமே, அதிலுள்ள முகத்தை நின்று பார்த்ததுண்டா? 1999-ல் வந்த நோட்டு வரிசையிலிருந்து அந்த முகம் நம் கையில் புழங்குகிறது. அவரே நம் முதல் அதிபர் யூசோப் இஷாக். அவர் மனைவி புவான் நூர் ஆயிஷாவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்லும் நூல் 2017-ல் வெளிவந்தது. அதை வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

அம்மையார் 1933-ல் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பெரிய பள்ளிப்படிப்பு கிடையாது, ஆங்கிலமும் தெரியாது. 1949-ல், பதினாறு வயதில், 'உத்துசான் மெலாயு' பத்திரிகையைத் தொடங்கி நடத்திய யூசோப்பை மணந்தார். ஒரு பத்திரிகைக்காரர் வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவர், அவ்வளவுதான். பத்து வருஷம் கழிந்தது. 1959 டிசம்பர் 3-ஆம் நாள் கணவர் நாட்டின் தலைவராக, யாங் டி பெர்த்துவான் நெகாராவாகப் பதவியேற்றார். அம்மையாருக்கு வயது 26, பிள்ளைகளோ சின்னஞ்சிறுசுகள்.

அவர்கள் குடிபோன இஸ்தானாவுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. முன்பு அது ஜாதிக்காய்த் தோட்டம். அங்கே 1867 முதல் 1869 வரை கவர்னர் மாளிகையைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பள்ளிப் பாடத்தில் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் குடும்பம் அந்தப் பெரிய மாளிகையில் தங்கவில்லை. பிள்ளைகள் ஆடம்பரத்தில் ஊறிவிடக் கூடாது என்று யூசோப் நினைத்தார். வளாகத்துக்குள்ளேயே இருந்த ஸ்ரீ மெலாத்தி என்ற பங்களா போதும் என்றார். அங்கே ஆர்க்கிட் செடி வளர்த்தார். மூத்த மகளுக்கும் ஓர்கிட் என்றே பெயர்.

வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் என்ன பேசுவது? இங்கேதான் அம்மையாரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஆசிரியர் வைத்து ஆங்கிலம் கற்றார். மேடையில் பேசவும் பழகினார். தமக்குத் தெரிந்த கலையையும் விடவில்லை. இஸ்தானா சமையற்காரர்களுக்கு மலாய்ப் பலகாரங்களைச் செய்யச் சொல்லிக்கொடுத்தார். "இந்த வயசுல எனக்கெதுக்கு எழுத்து?" என்று கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டிய என் அம்மாவின் நினைவு இந்தப் பக்கங்களில் வந்து வந்து போனது. கேட்டவளுக்குச் சொல்லிக்கொடுக்க அன்றைக்கு யாரும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

1968-ல் யூசோப்பின் இருதயம் நலிந்தது. அவர் போகமுடியாத பல நிகழ்ச்சிகளுக்கு அம்மையாரே போனார். வீட்டில் நோயாளி, வெளியே சிரித்த முகம். இரண்டையும் ஒரே நாளில் சுமப்பது எப்படி என்று குடும்பப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1970 நவம்பர் 23-ல் அதிபர் காலமானார். பதவியோடு வந்த வீடு பதவியோடு போயிற்று. 37 வயதில் அம்மையார் இஸ்தானாவை விட்டு வெளியேறினார்.

மறு வருஷமே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அமைதியாக வாழ்ந்து, 2025 ஏப்ரல் 22-ல், 91-ஆம் வயதில் மறைந்தார்.

தீபாவளியை ஒட்டி இஸ்தானா வாசலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதுண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஸ்ரீ மெலாத்தியை மட்டும் தேடாதீர்கள். கரையான் அரித்து, அதை எப்போதோ இடித்துவிட்டார்கள்.