நியூட்டனும் நாற்பது நாள் பூட்டும்

2020 மார்ச் கடைசியில் இந்தியா முழுக்க ஊரடங்கு வந்தபோது ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிளேக் நோய்க்குப் பயந்து வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில்தான் நியூட்டன் புவியீர்ப்பைக் கண்டுபிடித்தார், கால்குலஸைக் கண்டுபிடித்தார்.. நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? இதுதான் அந்தச் செய்தி. டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தவர், மொட்டை மாடியில் பட்டம் விட்டவர், அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து சேர்ந்தது.

செய்தியில் பொய் அதிகமில்லை. ஆனால் பாதிக்கதை. 1665-66ல் இங்கிலாந்தில் வீட்டுக்குள் இருந்தது நியூட்டன் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். அவர்களுடைய கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

முதலில் நியூட்டன். 1665 கோடையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 22. அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தார். அன்றைக்கு அவர் பெயர் யாருக்கும் தெரியாது. லிங்கன்ஷயரில் கிரந்தம் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள வூல்ஸ்தோர்ப், அவர் பிறந்த வீடு. அங்கே போனார். 1666 மார்ச்சில் திரும்பி வந்தார். நோய் அடங்கவில்லை என்று ஜூனில் மறுபடி போனார். 1667 ஏப்ரலில்தான் கேம்பிரிட்ஜுக்கு ஒரேயடியாகத் திரும்பினார்.

வீடு என்றால் சாதாரண வீடு இல்லை. கல்லில் கட்டிய பண்ணை வீடு, நிலம், ஆடுகள், வேலையாட்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அம்மா ஹன்னா. இரண்டு கணவர்களை இழந்தவர், நல்ல சொத்துக்காரர். சில வருடம் முன்னால் மகனைப் படிப்பிலிருந்து நிறுத்தி விவசாயம் பார்க்க வைக்க முயற்சி செய்து தோற்றுப் போயிருந்தார். மகன் வேலி ஓரம் புத்தகம் படிப்பார், ஆடுகள் அடுத்தவன் வயலில் மேயும்! பிளேக் காலத்தில் அவர் திரும்பி வந்தபோது ஆடு மேய்க்க யாரும் அவரை அனுப்பியதாகத் தெரியவில்லை. மூன்று வேளை சாப்பாடு வந்தது, அறை இருந்தது, விளக்கு இருந்தது.

தாளும் இருந்தது, அதுவும் சும்மா கிடைத்தது. நியூட்டனின் மாற்றாந்தந்தை பர்னபாஸ் ஸ்மித் ஒரு பாதிரியார். இறையியல் குறிப்புகள் எழுத ஒரு பெரிய நோட்டை வாங்கித் தலைப்புகளைப் போட்டுவிட்டு, பெரும்பாலான பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டு இறந்துபோனார். தாள் விலை அதிகமாக இருந்த காலம் அது. அந்த நோட்டை நியூட்டன் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வேஸ்ட் புக்'. வணிகவியல் மாணவர்களுக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வரும். அந்தக் காலக் கணக்கியலில் வேஸ்ட் புக், குறிப்பேடு, பேரேடு என்று மூன்று புத்தகம். அன்றன்று நடந்ததை அப்படியே கிறுக்கி வைப்பது வேஸ்ட் புக். நம் கடைகளில் சிட்டை என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். நவீனக் கணிதத்தின் பாதி அஸ்திவாரம் ஒரு சிட்டையில் எழுதப்பட்டது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நோட்டில் அவர் கணிதம் எழுத ஆரம்பித்தது 1664ல், கேம்பிரிட்ஜில் இருக்கும்போதே. பிளேக் வந்ததால் மூளை திறந்துகொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி வீட்டிலும் ஓடியது, அவ்வளவுதான். கால்குலஸ் ஓரளவு முழு வடிவம் பெற்ற கட்டுரை 1666 அக்டோபரில் எழுதப்பட்டது. புவியீர்ப்போ 1687ல்தான் 'பிரின்சிபியா' புத்தகமாக வந்தது. நடுவில் இருபது வருட உழைப்பு. பிளேக் வருடங்கள்தான் தன் மூளையின் பொற்காலம் என்று அவரே எழுதியிருக்கிறார், உண்மைதான். ஆனால் எழுதியது சுமார் ஐம்பது வருடம் கழித்து. கால்குலஸை யார் முதலில் கண்டுபிடித்தது என்று லைப்னிட்ஸ் தரப்போடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. தேதிகள் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு நல்லது அவருக்கு. ஆப்பிள் விழுந்த கதையும் 1726ல், வயதான நியூட்டன் நண்பர் ஸ்டக்லியிடம் சொன்னதுதான்.

இந்தப் பெரிய கண்டுபிடிப்புகளைவிட ஒரு சின்ன விஷயம் சுவாரசியமானது. 1665 கோடையில் அவர் பக்கத்திலுள்ள பூத்பி என்ற ஊரில் உட்கார்ந்து, ஹைபர்போலா என்ற வளைகோட்டின் கீழுள்ள பரப்பை 52 இலக்கம் வரை கையால் கணக்கிட்டார். ஐம்பத்திரண்டு! யாருக்கும் எந்த வேலைக்கும் அத்தனை இலக்கம் தேவையில்லை. 1676ல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார். எத்தனை இலக்கம் வரை போனேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்போது வேறு வேலை இல்லை என்கிற அர்த்தத்தில். உலக மகா விஞ்ஞானியும் பொழுது போகாமல்தான் கணக்குப் போட்டிருக்கிறார். சுடோகு போடுகிறவர்களும் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

சரி, இனி லண்டன்.

அன்றைய லண்டனில் சுமார் நாலரை லட்சம் பேர். 1665ல் பிளேக்கில் செத்தவர்கள் என்று அரசாங்கக் கணக்கில் ஏறியது 68,596. உண்மையில் ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. செப்டம்பர் நடுவில் ஒரே வாரத்தில் மட்டும் 7,165. அரசர் இரண்டாம் சார்லஸ் ஊரை விட்டுப் போனார். வசதியுள்ள வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்களில் பலர், பாதிரியார்களில் பலர் போனார்கள். ஊரை விட்டுப் போக உடல்நலச் சான்றிதழ் வேண்டும், வண்டி வேண்டும், போய் இறங்க ஒரு வீடும் வேண்டும். மூன்றும் இல்லாதவர்கள் தங்கினார்கள்.

தங்கியவர்களுக்கு இருந்த சட்டம் இதுதான். ஒரு வீட்டில் ஒருவருக்கு பிளேக் வந்தால் அந்த வீடே பூட்டப்படும். நோயாளி மட்டுமல்ல. மனைவி, குழந்தைகள், வேலைக்காரப் பெண், மாடியில் வாடகைக்கு இருப்பவர், எல்லோரும் உள்ளே. கதவில் ஓர் அடி நீளத்துக்குச் சிவப்புச் சிலுவை, அதன்மேல் கடவுளே இரங்கும் என்று ஒரு வாசகம். நாற்பது நாள். (குவாரண்டைன் என்ற சொல்லே வெனிஸ்காரர்களின் நாற்பதிலிருந்து வந்ததுதான்.) வாசலில் பகலுக்கு ஒரு காவலாள், இரவுக்கு ஒரு காவலாள். சாவி அவரிடம். சாப்பாடு, மருந்து எது வேண்டுமானாலும் ஜன்னல் வழியாகக் காவலாளிடம்தான் கேட்க வேண்டும். அவர் வாங்கப் போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். ஏழைகளுக்குப் பங்குக் கோயில் நிதியிலிருந்து செலவு செய்தார்கள். உடம்பில் நெறிக்கட்டியோடு வெளியே வந்தால் தூக்குத் தண்டனை வரை கொடுக்க 1604லேயே சட்டம் இருந்தது.

இந்த நோயை எலிப்பூச்சிகள் பரப்புகின்றன என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கிருமியே 1894ல்தான் அடையாளம் காணப்பட்டது. காற்று கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். அதனால் வீட்டுக்குள் கந்தகம் புகைப்பது, மூலிகை எரிப்பது, காசை வினிகரில் போட்டு எடுப்பது, புகையிலை மெல்லுவது என்று வேலைகள் இருந்துகொண்டே இருந்தன. பலன் பெரிதாக இல்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது செய்வது மேல் என்ற மனநிலை புரிகிறது. 2020ல் பால் பாக்கெட்டையும் மளிகைப் பையையும் கழுவித் துடைத்த வீடுகளுக்கு இது நன்றாகவே புரியும். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாவுக்கணக்குப் பட்டியல் அச்சாகி விற்பனைக்கு வரும். பங்கு வாரியாக, நோய் வாரியாக எண்கள். இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்று ஊரே பார்க்கும். சாயங்காலம் டி.வி. முன்னால் மாவட்ட வாரியாக எண்ணிக்கை பார்த்த அதே பழக்கம்!

பூட்டிய வீட்டுக்குள் இருந்தவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. நோயில்லாதவர்களையும் நோயாளியோடு சேர்த்துப் பூட்டுவது அவர்களையும் கொல்வதுதான் என்று அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது. பின்வாசல் வழியாகவும் கூரை வழியாகவும் தப்பியவர்கள் உண்டு. அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல மனம் வரவில்லை.

வெளியிலிருந்து பூட்டப்பட்ட வீடுகள் இவை. தாங்களாகவே பூட்டிக்கொண்ட ஒரு ஊரும் உண்டு. டார்பிஷயரில் ஈயம் என்ற மலைக்கிராமம். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்குத் துணி வந்தது, அதோடு நோயும் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மோம்பெசனும், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது என்று மக்களைச் சம்மதிக்க வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நோய் பரவாமல் இருக்க. எல்லைக்கல்லில் துளையிட்டு வினிகர் ஊற்றி அதில் காசு போட்டு வைப்பார்கள், வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுச் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். கோயில் பூட்டப்பட்டு, வழிபாடு திறந்தவெளிப் பள்ளத்தாக்கில், ஒருவருக்கொருவர் தள்ளி நின்று நடந்தது. இறந்தவர்களை அவரவர் குடும்பமே அவரவர் தோட்டத்தில் புதைத்தது. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். மொத்தம் சுமார் 260 பேர் இறந்தார்கள். மோம்பெசனின் மனைவி கேதரினும் அந்த ஆகஸ்டில் போய்விட்டார். தங்கள் பிள்ளைகளை மட்டும் அவர்கள் முன்பே ஊரை விட்டு அனுப்பியிருந்தார்கள். இதைப் பெரும்பாலான தியாகக் கதைகள் சொல்வதில்லை. அதற்காக அந்தப் பெற்றோர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

கடைசியாக, எந்தப் பூட்டும் இல்லாத ஒருவர். சாமுவேல் பீப்ஸ், 32 வயது, கடற்படை அலுவலகத்தில் உயர் அதிகாரி. தினமும் சுருக்கெழுத்தில் டைரி எழுதும் பழக்கம் உள்ளவர். ஜூன் 7ம் தேதி ட்ரூரி லேன் பக்கம் முதன்முதலாகச் சிவப்புச் சிலுவை போட்ட கதவுகளைப் பார்த்ததும் பயந்து புகையிலை வாங்கி மென்றார். மனைவியை வூலிச்சுக்கு அனுப்பினார். உயிலைத் திருத்தி எழுதினார். அலுவலகம் கிரீனிச்சுக்கு மாறியது, அவரும் போனார். டச்சுக்காரர்களோடு போர் நடந்துகொண்டிருந்ததால் கப்பல்களுக்குச் சரக்கு, ஒப்பந்தம், கமிஷன் என்று வருமானத்துக்குக் குறைவில்லை. டிசம்பரில் ஒரு பாட்டுக்கு மெட்டுக்கூடப் போட்டார். வருடக் கடைசியில் கணக்கு முடித்தபோது 1,300 பவுண்டாக இருந்த சொத்து 4,400 பவுண்டாகியிருந்தது. இந்த பிளேக் காலத்தைப் போல வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததே இல்லை என்று அவரே அன்று எழுதி வைத்தார். படிக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒளிக்காமல் எழுதினாரே, அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு ஊரடங்கிலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள், எழுதுவதுதான் இல்லை.

அதே டைரியில் செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வண்ணப் பட்டு உடுப்பும் புது விக்கும் அணிகிறார். விக் வாங்கிக் கொஞ்ச நாள் ஆகிறது, வாங்கிய பகுதியில் நோய் இருந்ததால் போடப் பயந்து வைத்திருந்தார். பிளேக்கில் செத்தவர்களின் தலைமுடியோ என்ற பயத்தில் இனி யார் விக் வாங்குவார்கள் என்று யோசிக்கிறார். பிறகு கிரீனிச்சில் நோய்த் தடுப்பு பற்றி அதிகாரிகள் கூட்டம். அங்கே ஒரு புகார் வருகிறது. லண்டனில் நோய் வந்த வீட்டிலிருந்து ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்குள் வந்துவிட்டார் என்று.

விசாரித்தார்கள். கிரேஸ்சர்ச் தெருவில் குதிரைச் சேணம் விற்கும் வசதியான வியாபாரி ஒருவரின் குழந்தை அது. மற்ற பிள்ளைகள் எல்லோரையும் பிளேக்குக்குக் கொடுத்துவிட்டார். அவரும் மனைவியும் இப்போது வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறார்கள். பிழைப்போம் என்ற நம்பிக்கை இல்லை. இந்த ஒன்றையாவது காப்பாற்றினால் போதும் என்று, குழந்தையின் உடம்பில் இருந்த துணியை எல்லாம் கழற்றிவிட்டு, பிறந்தமேனியாக ஒரு நண்பரின் கையில் கொடுத்துவிட்டார்கள். நண்பர் புதுத்துணி போட்டு கிரீனிச்சுக்குக் கொண்டுவந்தார்.

சட்டப்படி அது தப்பு. கதையைக் கேட்டதும் அதிகாரிகள் குழந்தை ஊரிலேயே இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கூட்டம் முடிந்து பீப்ஸ் நண்பர்களோடு கேப்டன் காக் வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டு, வெகு நேரம் கழித்துப் படகேறி வூலிச்சுக்குத் திரும்பினார், தனக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தோடு.