அடையாளம் தெரியாத சடலமும் சட்டத்தின் சான்றும்: இராசாக்கண்ணு வழக்கை முன்வைத்துப் பிண விசாரணையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இயல்புக்கு மாறான இறப்புகளைப் புலனாய்வு செய்யும் முறை தமிழகத்தில் நீண்ட வரலாறு உடையது. 1993ஆம் ஆண்டு நெய்வேலிக்கு அண்மையிலுள்ள கம்மாபுரம் காவல் நிலையத்தில் நிகழ்ந்த இராசாக்கண்ணுவின் காவல் மரணத்தை இக்கட்டுரை அவ்வரலாற்றில் வைத்து ஆராய்கிறது. பிண விசாரணையின் வலிமை அது கூறும் முடிவில் இல்லை; கண்டதைக் கண்டவாறு பதிவு செய்யும் விவரிப்பில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: பிண விசாரணை, பிணக்கூறாய்வு, காவல் மரணம், ஆட்கொணர்வு மனு, சட்ட மருத்துவம்.

முன்னுரை

முத்தாண்டிக்குப்பம், நெய்வேலி, கம்மாபுரம், முதனை ஆகியவை இன்றைய கடலூர் மாவட்டத்தின் ஊர்கள். 1993 மார்ச்சு மாதத்தில் இவை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டம் அவ்வாண்டின் செப்டம்பர் இறுதியில்தான் பிரிக்கப்பட்டது. நிலக்கரி நகரத்தைச் சூழ்ந்த இவ்வூர்களில் ஓர் இறப்பு ஐயத்திற்குரியதாகும்போது, அதைப் பற்றிய முதல் ஆவணத்தை எழுதுபவர் உள்ளூர்க் காவல் நிலைய அலுவலரே. அவ்வாறு எழுதும் துறையின் மீதே ஐயம் எழுந்தால் உண்மை எவ்வழியில் வெளிப்படும்? இவ்வினாவிற்கு விடை காண இராசாக்கண்ணு வழக்கு உதவுகிறது.

சென்னையில் சட்ட மருத்துவத்தின் தோற்றம்

இந்தியாவில் பதிவான முதல் சட்ட மருத்துவப் பிணக்கூறாய்வு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1693 ஆகஸ்டில் நடைபெற்றது. ஆட்சிக்குழு உறுப்பினரான ஜேம்ஸ் வீலர் மருந்து உட்கொண்டபின் இறந்தார். மருத்துவர் எட்வர்டு பல்க்லி அவருடைய உடலைக் கூறாய்வு செய்தார். முன்பு பாடாணம் இடித்த உரலிலேயே மருந்தும் இடிக்கப்பட்டதால் நஞ்சு கலந்துவிட்டது என்பது தெரியவந்தது. நஞ்சு தொடர்பான ஆய்வுக்கென 1849இல் சென்னை மாகாணத்தில் வேதியியல் ஆய்வாளர் துறை ஏற்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுவே. 1857இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவத்திற்குத் தனி இருக்கை அமைந்தது.

நகரத்தில் அறிவியல் இவ்வாறு வளர, சிற்றூர்களில் நடைமுறை வேறாக இருந்தது. ஐயத்திற்குரிய இறப்பைத் தெரிவிக்கும் கடமையை 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கிராம அலுவலர்மீது சுமத்தியது. அச்சட்டத்தின் 174ஆம் பிரிவு காவல் அலுவலரின் பிண விசாரணையை வரையறுத்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது அதே எண்ணோடு தொடர்ந்தது.

174ஆம் பிரிவின் உள்ளடக்கம்

இப்பிரிவின்படி, காவல் அலுவலர் நிர்வாக நடுவருக்குத் தகவல் அனுப்பிவிட்டு உடல் கிடக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். அவ்வூரின் மதிப்பிற்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில், உடலில் காணப்படும் காயம், எலும்பு முறிவு, கன்றல் முதலியவற்றை விவரித்து, வெளிப்படையாகத் தோன்றும் இறப்புக் காரணத்தை எழுத வேண்டும். ஐயம் இருப்பின் உடலை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இவ்வறிக்கையில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று விவரிப்பு, மற்றொன்று முடிவு. பெத்த நாராயணா வழக்கில் (1975) உச்ச நீதிமன்றம், இவ்விசாரணையின் நோக்கம் இறப்பின் வெளிப்படையான காரணத்தை அறிவது மட்டுமே என்றும், தாக்கியவர் யார் என்பன போன்ற விவரங்கள் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்றும் விளக்கியது. இவ்வரம்பு ஒரு குறையாகத் தோன்றலாம். ஆயினும் அலுவலரைத் தம் கண் கண்டதோடு நிறுத்துவதால், இதுவே அறிக்கைக்கு நம்பகத்தன்மையும் அளிக்கிறது.

இராசாக்கண்ணு வழக்கு

முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத்தவரான இராசாக்கண்ணு, திருட்டு வழக்கொன்றின் விசாரணைக்காக 1993 மார்ச்சில் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்று காவல்துறை கூறியது. அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அன்று வழக்கறிஞராக இருந்து, பின்னாளில் அந்நீதிமன்றத்தின் நீதிபதியான கே. சந்துரு வழக்கை நடத்தினார்.

இதற்கிடையே, அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மீன்சுருட்டிப் பகுதியில் அடையாளம் தெரியாத ஆண் சடலம் ஒன்று கண்டெடுக்கப்பட்டிருந்தது. அவ்விடம் வேறு காவல் நிலையத்தின் எல்லை, வேறு மாவட்டமும்கூட. அங்கு வழக்கமான நடைமுறைப்படி புகைப்படம் எடுக்கப்பட்டது, பிணக்கூறாய்வும் நடந்தது. யார் என்று அறியாத ஒருவருக்காக உருவான இந்த ஆவணங்களே, காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்பதை நிறுவின. தப்பியோடினார் என்னும் கூற்று அவற்றின்முன் நிற்கவில்லை. வழக்கு பல நிலைகளைக் கடந்து, 2006இல் உயர் நீதிமன்றம் காவல்துறையினருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இங்கு சட்ட மருத்துவத்தின் பங்கு கருதத்தக்கது. உயிருள்ள உடலில் அடிபட்ட இடத்தில் குருதி திசுக்களுக்குள் பரவிக் கன்றல் உண்டாகும். இறந்தபின் நேரும் காயத்தில் இத்தகைய எதிர்வினை பெரும்பாலும் இராது. ஆதலால் உடலை வேறிடத்தில் கிடத்தி இறப்பிற்கு வேறொரு காரணம் காட்ட முயன்றாலும், முன்னர் பெற்ற காயங்களின் தடயம் உடலில் எஞ்சியிருக்கும். அதை முறையாகப் பதிவு செய்வதே தேவை.

ஓர் ஒப்பீடு

அவசரநிலைக் காலத்தில், 1976இல், கேரளத்தில் காவலில் மறைந்த மாணவர் ராஜனின் வழக்கும் ஆட்கொணர்வு மனுவாகவே நீதிமன்றம் சென்றது. அவர் தந்தை ஈச்சர வாரியர் இறுதிவரை மகனின் உடலைக் காண இயலவில்லை. உடல் கிடைக்காததால் காயங்களின் விவரிப்பும் இல்லை, பிணக்கூறாய்வும் இல்லை. இரண்டு வழக்குகளிலும் குடும்பத்தின் உறுதி ஒத்ததே. வேறுபாட்டை உண்டாக்கியது, எங்கோ ஓர் அலுவலர் தம் கடமையாக எழுதிவைத்த ஆவணம்.

பின்னர் வந்த மாற்றங்கள்

இராசாக்கண்ணு இறந்த அதே 1993இன் அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையம் நிறுவப்பட்டது. காவல் மரணங்களை 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என டிசம்பரில் அது அறிவுறுத்தியது. அத்தகைய பிணக்கூறாய்வுகளைக் காணொளியாகப் பதிவு செய்யுமாறு 1995இல் கேட்டுக்கொண்டது. கைதின்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை டி.கே. பாசு வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 176(1அ) பிரிவு சேர்க்கப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்தது. காவல் மரணங்களில் காவல்துறைப் புலனாய்வுக்குக் கூடுதலாக நீதித்துறை நடுவரின் விசாரணையை அது கட்டாயமாக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194, 196 ஆகிய பிரிவுகள் இவ்விதிகளைத் தொடர்கின்றன.

முடிவுரை

காவல் மரணச் சீர்திருத்தம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விசாரிப்பவர் யார் என்பதிலேயே கருத்துச் செலுத்துகின்றன. அது இன்றியமையாதது, எனினும் போதுமானதன்று. எவர் விசாரித்தாலும் அவர் முதலில் நாடுவது உடலைப் பற்றிய முதல் விவரிப்பையே. அது குறைவுபட்டால் பின்வரும் எந்த விசாரணையாலும் அக்குறையை முழுமையாக ஈடுசெய்ய இயலாது. ‘வெளிப்படையான காரணம்’ என்னும் முடிவு பிற்காலத்தில் மாறக்கூடும். அளவும் இடமும் நிறமும் குறித்து எழுதப்பட்ட காயம் மாறாது. உரிமை கோர ஒருவரும் வராத சடலத்திற்கும் அதே முழுமையோடு அறிக்கை எழுதப்பட வேண்டும். அச்சடலத்தைத் தேடி ஒரு குடும்பம் நீதிமன்ற வாயிலில் நின்றுகொண்டிருக்கலாம் என்பதையே இராசாக்கண்ணு வழக்கு உணர்த்துகிறது.